ஏரித் திட்டுக்குப் போட்ட பாதை

நல்லது செய்கிறோம் என்றுதான் இசக்கிசெல்வி அன்று நினைத்தாள்.

சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரிக்காட்டு ஓரத்தில் பிறந்தவள் அவள். சிவந்த மணலையும் பனையையும் பார்த்து வளர்ந்தவளுக்கு, டிப்ளமோ முடித்ததும் ஒரகடத்தில் காருக்கு வயரிங் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்தது. பிள்ளைப்பாக்கத்தில் இன்னும் இரண்டு பெண்களோடு ஒரு வாடகை அறை. ஷிப்டு முழுக்க நின்றபடியே வேலை. விடுமுறை நாளில் மற்ற இருவரும் துணி துவைத்துவிட்டுத் தூங்கிப்போவார்கள். இவள் மட்டும் ஊருக்குப் பின்னால் இருக்கும் சித்தேரிக் கரைக்குப் போய்விடுவாள்.

அந்த ஏரியை வெட்டியது எந்தக் காலத்து ராஜா என்று ஊரில் யாருக்கும் தெரியாது. மதகுக் கல்லில் ஏதோ எழுத்து இருக்கிறது, பாதி தேய்ந்துவிட்டது. ஏரிக்கு நடுவில் மட்டும் புதிதாக ஒரு திட்டு. சில வருஷங்களுக்கு முன்னால் தூர் வாரியவர்கள் குவித்துவிட்டுப் போன மண் அது. கோடையில் நீர் வற்றினாலும் திட்டைச் சுற்றி முழங்கால் அளவு தண்ணீரும், அதற்கடியில் ஆளை இழுக்கும் சேறும் மிஞ்சி நிற்கும்.

அந்தத் திட்டில்தான் பவளக்காலிகள் முட்டையிட்டன. கறுப்புச் சிறகும் வெள்ளை வயிறும், குச்சி போல நீண்ட சிவப்புக் கால்களும் கொண்ட பறவைகள். மரம் ஏறிக் கூடு கட்டாது; வெறும் மண்ணில் சிறு குழி பறித்து, சுற்றிலும் காய்ந்த தண்டும் கூழாங்கல்லும் அடுக்கி வைக்கும். முட்டையும் மண் நிறம்தான். உச்சி வெயிலில் ஆணும் பெண்ணும் முறை மாற்றி நீரில் இறங்கி, வயிற்று இறகை நனைத்துவந்து முட்டைமேல் உட்காரும். அதை முதல்முறை பார்த்த அன்று செல்வி சாப்பாட்டையே மறந்துபோனாள்.

கம்பெனி பஸ்ஸில் போகும்போதெல்லாம் போனில் பறவைகளைப் பற்றிப் படித்தாள். அது அவளைத் தீவுகளுக்குக் கொண்டுபோய்விட்டது. கடலுக்கு நடுவே பூனையும் எலியும் எட்டாத தீவுகளில் சில பறவைகள் தலைமுறை தலைமுறையாகப் பறப்பதையே விட்டுவிட்டன. கப்பல்கள் வந்தன, கூடவே எலியும் பன்றியும் இறங்கின. மொரீஷியஸ் தீவின் டோடோ போல எத்தனையோ இனங்கள் அழிந்தன. படித்ததை யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. வீட்டுக்காரர் மகள் கலைமணி எட்டாவது படித்தாள். அவளும் அவளோடு படிக்கிற பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் செல்வியோடு கரைக்கு வரத் தொடங்கினார்கள்.

"தீவுன்னா கடல்லதான் இருக்கணும்னு இல்ல. சுத்தித் தண்ணி இருந்தாப் போதும். நாயும் கீரியும் அங்க போக முடியாதுல்லா? அதான் இந்தப் பறவைக்குக் கோட்டை" என்று செல்வி சொன்னாள்.

"முட்டைய கிட்ட போய் பாக்க முடியாதாக்கா?" என்றாள் கலைமணி.

அந்தக் கேள்விதான் செல்வியைப் பிடித்துக்கொண்டது. ஏரியின் மறுகோடியில் புருஷோத்தமன் பொக்லைன் வைத்து வண்டல் அள்ளிக்கொண்டிருந்தார். உள்ளூர்க்காரர். அவர் குடும்பத்து நிலம் கம்பெனிக்குப் போனபிறகு மண் வெட்டும் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர். திட்டுவரை ஒரு மண்பாதை போட்டுத் தர முடியுமா என்று செல்வி போய்க் கேட்டாள்.

"இன்னாத்துக்குமா பாதை?"

"பிள்ளைங்களுக்குக் காட்டத்தாண்ணே. ஒரு மணி நேரம் போதும். பொறவு நீங்களே அள்ளிப் போட்டுருங்க."

அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஞாயிறு காலையில் கரையிலிருந்து திட்டுவரை மண் கொட்டி, வண்டியின் கையாலேயே தட்டிச் சமப்படுத்தினார். பிள்ளைகள் வரிசையாக நடந்து போனார்கள். பறவைகள் தலைக்குமேல் கத்திக்கொண்டு சுற்றின. செல்வி யாரையும் அதிக நேரம் நிற்க விடவில்லை. புள்ளி விழுந்த முட்டைகளைப் பார்த்த கலைமணி மூச்சுவிடவும் மறந்து நின்றாள். திரும்பி வரும்போது செல்விக்குத் தன்னைப் பற்றியே பெருமையாக இருந்தது.

சாயங்காலம் போன் வந்தது.

"செல்வி, ஓனர் வண்டிய வாலாஜாபாத்துக்கு எடுத்தாரச் சொல்ட்டாருமா. நான் போய்கினு கீறேன். அந்தப் பாதைய எடுக்கல. ரெண்டு நாள்ல வந்து எடுத்துர்றேன்."

"சரிண்ணே, ஒண்ணும் அவசரமில்ல" என்றாள் செல்வி.

அவசரம் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளைகளிடம் கோட்டை என்று சொன்னவளே அவள்தான். ஆனால் அந்த வாரம் லைனில் ஆள் குறைவு, தினமும் ஓவர்டைம். கரை வழியாகப் போனால் பஸ்ஸைப் பிடிக்க முடியாது. மண்வெட்டி கேட்டு யாரிடம் போய் நிற்பது? இரண்டு நாள்தானே என்று நினைத்தாள். இரண்டு நாள் கடந்தபோது, அண்ணன் வந்து எடுத்திருப்பார் என்று நினைத்தாள். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துதான் கேட்கவில்லை. அது அவள் மனதுக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு, பிள்ளைகளுக்கு முன்பாகவே தனியாகப் போனாள். பாதை அப்படியே இருந்தது. ஈரம் காயாத இடத்தில் நாய்களின் கால்தடம், போகவும் வரவுமாக. திட்டில் ஒரு குழியிலும் முட்டை இல்லை. ஓட்டுச் சில்லுகள் கிடந்தன. நான்கைந்து பறவைகள் மட்டும் அவள் தலைக்குமேல் கத்திக்கொண்டே வட்டமிட்டன. தன்னைப் பார்த்துத்தான் கத்துகின்றன என்று அவளுக்குத் தோன்றியது. அங்கே நிற்கவும் கூசியது.

புருஷோத்தமனைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"என் தப்புமா. வந்திருக்கணும்."

"இல்லண்ணே. அவசரமில்லன்னு சொன்னது நாந்தானே."

அவர் பைக்கில் இரண்டு மண்வெட்டி கட்டிக்கொண்டு வந்தார். மத்தியான வெயிலில் இருவரும் வெட்டினார்கள். இயந்திரம் ஒரு மணி நேரத்தில் போட்ட மண், கைக்கு மசியவில்லை. முழுப் பாதையையும் எடுக்க முடியாது என்று தெரிந்ததும், நடுவில் அகலமாக வெட்டித் தண்ணீரைச் சேரவிட்டார்கள். செல்வியின் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. அது அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. ஆனால் அந்த ஆறுதல் அறைக்குப் போய்ச் சேரும்வரைகூட நிற்கவில்லை.

வீட்டு வாசலில் கலைமணி காத்திருந்தாள். "அக்கா, குஞ்சு பொரிச்சிடுச்சா?"

பொரித்துப் பறந்துவிட்டது என்று சொல்ல வாய்வரை வந்தது. பொய் என்று இந்தப் பெண்ணுக்குத் தெரியவே போவதில்லை. செல்வி படியில் உட்கார்ந்தாள்.

"இல்லம்மா. நாய் தின்னுட்டு. நாம நடந்த பாதையிலதான் போயிருக்கு. அதைப் போடச் சொன்னது நான். எடுக்காம விட்டதும் நான்."

கலைமணி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "நான்தான கிட்ட போய் பாக்கணும்னு கேட்டேன்" என்று அழத் தொடங்கினாள். தன் பாரத்தில் ஒரு பங்கு இந்தப் பிள்ளை மேலும் விழுந்துவிட்டதே என்று செல்வி பதறினாள். "நீ கேட்டது தப்பே இல்ல. கேக்கத்தான் செய்யணும். முடியாதுன்னு நான் சொல்லியிருக்கணும்" என்று அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

முட்டை போனால் பவளக்காலிகள் சில சமயம் மறுபடியும் இடும் என்று செல்வி படித்திருந்தாள். அப்படியே நடந்தது. பெரும்பாலான ஜோடிகள் வேறெங்கோ போய்விட்டன. மூன்று ஜோடிகள் மட்டும் திட்டின் மறுபக்கத்தில் இட்டன. அந்த வாரங்களில் அவள் ஓவர்டைம் வேண்டாம் என்றாள். சூப்பர்வைசர் முகம் சுளித்தார். ஷிப்டு முடிந்ததும் நேராகக் கரைக்குப் போய், வெட்டிய இடத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். ஒரு நாள் இடியோடு கோடைமழை கொட்டியதில் ஒரு கூடு முழுகியது. மற்ற இரண்டிலும் குஞ்சுகள் பொரிந்தன. பஞ்சுருண்டைக்குக் கால் முளைத்ததுபோல், பிறந்த மறுநாளே நீரோரம் ஓடின.

பிள்ளைகள் அவற்றைக் கரையில் நின்றே பார்த்தார்கள். செல்வி தவணையில் வாங்கிய பைனாகுலர் கைமாறிக்கொண்டே இருந்தது. "அக்கா, தோ கீது பாரு" என்று கலைமணி கத்தினாள். செல்வி வாங்கிப் பார்த்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் குஞ்சுகளைப் பார்த்த கண் தானாகவே நகர்ந்து, ஒன்றும் இல்லாத மற்ற மண்ணைத் தேடியது.

அடுத்த கோடையில் திட்டுக்குப் பறவைகள் வந்தன. முன்புபோல் அத்தனை வரவில்லை. மழை குறைந்ததாலா, ஏரியைச் சுற்றிப் புதிதாக எழும்பிய ஷெட்டுகளாலா, தான் போட்ட பாதையாலா என்று செல்விக்குத் தெரியவில்லை. புருஷோத்தமனிடம் கேட்டாள், அவருக்கும் தெரியவில்லை.