ஃப்ரேசர் ஆற்றுக்கு நான் அடித்த நீலம்

சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் முப்பத்தொரு வருஷமாக கலர் கரெக்‌ஷன் பார்க்கிறேன். இந்த வேலைக்குச் சில வழக்கங்கள் உண்டு. சாமி முகம் பளிச்சென்று இருக்க வேண்டும், புல் பச்சையாக இருக்க வேண்டும், தண்ணீர் நீலமாக இருக்க வேண்டும். யாரும் சொல்லித் தருவதில்லை, கை தானாகச் செய்யும். அந்தக் கைதான் ஒரு சீசனில் என்னை மாட்டிவிட்டது.

கனடாவின் மேற்குக் கோடியிலிருந்து ஒரு தமிழ்ச் சங்கம் ஆர்டர் கொடுத்தது. எங்கள் கம்பெனிக்கு அதுதான் முதல் வெளிநாட்டு ஆர்டர். சங்கத்துக்காகப் பேசியவர் காஜா மைதீன். விருதுநகரில் மல்லி, வத்தல் கமிஷன் கடைக் குடும்பம். காலண்டரின் பன்னிரண்டு மாதப் படத்துக்கும் ஒரே ஆறு, ஃப்ரேசர். ஜனவரியில் ராக்கி மலையில் பிறந்து வடமேற்கே போகும். பிறகு மனசு மாறியதுபோல் வளைந்து தெற்கே இறங்கும். டிசம்பரில் பசிபிக் கடல். நடுவில், தங்கம் தேடி ஆட்கள் குவிந்த கரைகள். ரயில் பாதைக்கு வெடி வைத்ததில் பாறை சரிந்து, சால்மன் மீன்களின் வழி அடைபட்டுப்போன மலை இடுக்கும் ஒரு மாதம். வெடியோடு பிழைக்கும் ஊர்க்காரன் என்பதால் அந்தப் படத்தோடு வந்த குறிப்பை இரண்டு தடவை படித்தேன்.

அச்சுக்கு முன் அனுப்பிய புரூஃபுக்கு அவர்கள் ஓகே சொல்லிவிட்டார்கள். அதன் பிறகுதான் எனக்குக் கை அரித்தது. பெரும்பாலான படங்களில் ஆறு டீத்தண்ணி நிறத்தில் கிடந்தது. போட்டோ எடுத்தவருக்கு விவரம் பத்தவில்லை என்று பரிதாபப்பட்டு, எல்லாவற்றையும் நீலமாக்கினேன். யாரையும் கேட்கவில்லை.

ஏழு மாதத் தாள்கள் அச்சாகிவிட்டன. கப்பலுக்கு ஒன்பது நாள் இருந்தது. முதலாளி ஆசையாக ஜூலைத் தாளைப் படம் பிடித்து காஜாவுக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. முதலாளி ஸ்பீக்கரில் போட்டு என்னையும் கூப்பிட்டார்.

“அண்ணே, படத்துக்குக் கீழ என்ன போட்டுருக்கீக, வாசிங்க” என்றார் காஜா.

வாசித்தேன். தெளிந்த தாம்சன் ஆறும் கலங்கிய ஃப்ரேசரும் சேருமிடம், கொஞ்ச தூரத்துக்கு இரண்டு நிறமாகவே ஓடும் என்று இருந்தது. மேலே அப்பழுக்கில்லாத ஒரே நீலம். அந்த வரிக்குப் பிழை திருத்தியவனும் நான்தான்.

“எங்க ஆறு கலங்கித்தான்ணே ஓடும். அந்த மண்ணு படிஞ்சு உண்டான தீவுலதான் நாங்க குடியிருக்கோம். மண்ணை எடுத்துட்டீகன்னா எங்க வீடு எங்கன நிக்கும்?”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. முதலாளி என்னைவிட இளையவர். போனை வைத்துவிட்டு, “ஆத்தை மாத்தச் சொல்லி நம்மகிட்ட யாரு கேட்டா, அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டார். ஆர்டர் போனால் என் அவசரத்தால்தான் போகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

நல்லவேளை, அசல் படங்களை அழிக்கவில்லை. புதுப் பிளேட் போட்டு, டைரிக்கு வைத்திருந்த பேப்பரை எடுத்து முதலிலிருந்து ஓட்டினோம். மிஷினை விட்டு நான் நகரவில்லை. அப்போதுதான் யோசித்தேன். எங்கள் வைப்பாற்றில் என்றைக்காவது தண்ணீர் வந்தால் செக்கச்செவேல் என்றுதான் வரும். வேலையை விட்டுவிட்டு பஸ் பிடித்துப் போய்ப் பாலத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கலங்கல் என்று ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எட்டாம் நாள் லோடு கிளம்பியது.

பொங்கல் கழிந்து காஜா கூப்பிட்டார். வெளியீட்டுக்கு, அந்த மலை இடுக்குப் பக்கம் தலைமுறையாக மீன் பிடிக்கும் பூர்வகுடிப் பெண் ஒருவரை அழைத்திருந்தார்களாம். அவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஜூலையில் நின்று, இரண்டு நிறமும் சேரும் இடத்தில் விரலை வைத்து, தன் ஊர் இதுதான் என்றாராம்.

நான் நீலமடித்த தாளாக இருந்திருந்தால் அந்தம்மா அப்படியே ஆகஸ்டுக்குப் போயிருப்பார். இப்போதெல்லாம் ஆறோ குளமோ எந்தப் படம் வந்தாலும், தண்ணீர் அங்கே என்ன நிறம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.