ஏழாம் நம்பர் தொட்டியில் மீன் தெரியவில்லை

என் வருங்கால மாமனார் நான் பார்க்கும் வேலையைப் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை, ஏழாம் நம்பர் தொட்டியில் மீன் தெரியவில்லை.

அறுபதுகளில் பம்பாயில் கடலோரத்து மீன் காட்சிச்சாலை ஒன்றில், உப்புத் தண்ணீர்த் தொட்டிகளைப் பராமரிக்கும் வேலை எனக்கு. வீடு தாராவியில். மாமனார் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் லேத் பட்டறை வைத்திருந்தவர். அவர் மகள் செல்வக்கனியை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. மாப்பிள்ளை வேலையை நேரில் பார்த்துவிட்டால் நாள் குறித்துவிடலாம் என்றார்கள்.

ஆறாம் நம்பரோடு அவரைத் திருப்பிவிடத்தான் பார்த்தேன். நடக்கவில்லை. ஏழின் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி.

“எங்க மாப்ள மீனு?”

“உள்ளதான் இருக்கு மாமா.”

பக்கத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்ற ஒருவர், “மச்லி கிதர் ஹை?” என்று அதே கேள்வியை இந்தியில் அவரிடமே கேட்டார்.

“அந்தர் ஹை பாய்,” என்று என் பதிலையே சொன்னார் மாமா, என்னைப் பார்த்தபடி. வாசலில் செருப்பைத் தட்டிக்கொண்டு சொன்னார்: “மீன் தெரியட்டும் மாப்ள. பொறவு பேசுவோம்.”

கல்யாணம் பாசியில் போய்ச் சிக்கியது இப்படித்தான்.

செய்து பார்த்த வைத்தியங்கள்

எங்கள் சூப்பிரண்டெண்ட் ராமசேஷன் சார் மாட்டுங்காக்காரர், சுத்த சைவம். எந்த மீனுக்கும் மூன்று பாஷையில் பெயர் சொல்வார். ஆனால் வெட்டிய மீனின் வாடை பட்டால் குமட்டிவிடும். தீனி நறுக்கும் அறைப் பக்கம் அவர் தலை வைத்துப் படுத்ததில்லை.

“என்னடா தங்கராஜ், தொட்டியா இது, புல்லுக்கட்டா?” என்றார்.

பிளேடைக் கம்பில் கட்டிச் சுரண்டினேன். நாலு நாளில் மறுபடி முளைத்தது. வெயில்தான் காரணம் என்று கூரைக் கண்ணாடிக்குக் கறுப்புத் துணி போட்டோம். பாசி கொஞ்சம் அடங்கியது, மீனும் தெரியவில்லை. “இருட்டுல எதைடா பார்க்கறது? கழட்டு,” என்றார் சார். பாதித் தண்ணீரை இறக்கிவிட்டு, தெளிய வைத்த கடல் தண்ணீர் ஏற்றினோம். ஒரு வாரம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அப்புறம் பழைய கதைதான்.

அதே கடல், அதே வெயில். ஆறும் எட்டும் பளிச்சென்று இருந்தன. ஏழுக்கு மட்டும் என்ன கேடு? அதுதான் என் வயிற்றெரிச்சல். தீனி அறையில் இறால் நறுக்கும் சுடலைமுத்து அண்ணாச்சி மட்டும் தீர்மானமாக இருந்தார்: “கண்ணு பட்டுருக்குலே. எலுமிச்சம்பழம் கட்டு.” கட்டினேன். சார் பார்த்துவிட்டு அவிழ்க்கச் சொன்னார்.

அண்ணாச்சியின் வாளி

ஒரு காலையில் வாளி தேடித் தொட்டிகளின் பின்பக்கம் போனேன். அங்கே அண்ணாச்சி கலங்கலாக எதையோ ஏழாம் நம்பரில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி! என்னத்த ஊத்துதீய?”

“எறா கழுவுன தண்ணிலே. அம்புட்டும் சத்துல்லா!”

எலுமிச்சம்பழம் கட்டச் சொன்ன அதே மனுஷர். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். இறால் கழுவிய தண்ணீர் போகும் மோரி என்ற சாக்கடை, சார் அறை ஜன்னலுக்குக் கீழே ஓடியது. வாடை தாங்காமல், “அதை மோரியில விடப்படாது” என்று அவர் உத்தரவு போட்டிருக்கிறார். வேறு எங்கே விடுவது என்று சொல்லவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் மீன் கழுவிய தண்ணீரை யாரும் கீழே கொட்டுவதில்லை, கறிவேப்பிலைச் செடிக்குத்தான் ஊற்றுவார்கள். அந்தப் பழக்கத்தில் அண்ணாச்சி உயிருள்ள ஒன்றுக்கு ஊற்றியிருக்கிறார். தீனி அறைக் கதவுக்கு ஏழாம் நம்பர்தான் பக்கம்.

“மீனுக்குச் சத்து ஆவாதாலே?”

“மீனுக்கு எங்க ஆச்சு? பாசிக்குல்லா ஆயிருக்கு!”

நைட்ரேட், பாஸ்பேட் என்ற பெயரெல்லாம் நான் பின்னால் கற்றுக்கொண்டவை. கறிவேப்பிலைக்கு உரமானது பாசிக்கும் உரம் என்பது அன்றைக்கே புரிந்துவிட்டது.

சாரிடம் சொன்னால் பழி அவர் உத்தரவின் மேல் விழும். மூச்சு விடவில்லை. பம்ப் ரூமுக்குப் பின்னால் யாரோ நட்டு, உப்புக் காற்றில் காய்ந்து நின்ற கறிவேப்பிலைச் செடியை அண்ணாச்சிக்குக் காட்டிவிட்டேன். வாளி அந்தப் பக்கம் திரும்பியது. ஏழாம் நம்பருக்குத் தீனியைக் குறைத்து, மிச்சத்தை உடனுக்குடன் அள்ளி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றினேன். மழைக்காலம் முடிவதற்குள் பாசி பின்வாங்கியது. செடி தளதளவென்று எழுந்தது.

மாமா மறுபடியும் வந்தார்

இந்த முறை செல்வக்கனியும் வந்திருந்தாள். மஞ்சள் மீன்கள் கண்ணாடியோரமாகத் திரிந்தன. மாமா நெடுநேரம் பார்த்துவிட்டு, “மீன் இருக்கு,” என்றார், அதுவரை நான் பொய் சொன்னதுபோல. பிறகு, “ஒங்க ஆபீசர ஒரு வார்த்த கேட்டுருவோம்,” என்றார்.

சார் பம்ப் ரூமுக்குப் பின்னால் கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தார். வாராவாரம் வீட்டுக்குக் கொண்டுபோவார். “எங்காத்து ரசத்துக்கு இந்த வாசனைதான்,” என்று மாமாவிடமும் பெருமையாகச் சொன்னார்.

மாமா செடியைத் தடவினார். “நல்லா வந்துருக்கே. என்ன ஒரம் போடுதீய?”

வாளியோடு அங்கே வந்து நின்ற அண்ணாச்சிக்குக் கண் ஜாடை காட்டினேன். ஜாடை புரிகிற ஆளா அவர்? “எறா கழுவுன தண்ணி,” என்றார்.

சாரின் கை கிளையிலேயே நின்றது. “இதுக்கு முன்னாடி அதை எங்கே விட்டேள்?”

“ஏழாம் நம்பர்ல சார். மோரில விடாதன்னு நீங்கதான சொன்னீய. பொறவு தங்கராஜுதான் இந்தச் செடியக் காட்டுனான்.”

செல்வக்கனி என்னையே பார்த்தாள். மாமாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை, வந்த காரியத்தில் கண்ணாக, “பையன் எப்படி சார்?” என்றார்.

சார் கையிலிருந்த இலையைப் பார்த்தார். எத்தனை வாரத்து ரசத்தை நினைத்தாரோ.

“உத்தரவு என்னோடது. அதை எங்கிட்ட மறைச்சது இவனோட அசட்டுத்தனம்,” என்றார். “ஆனா தண்ணி போகவேண்டிய இடத்துக்குப் போயிடுத்து. பொண்ணைத் தாராளமா குடுங்கோ.”

பறித்ததைப் பையில் போட்டுக்கொண்டு நாலடி போனவர் திரும்பினார். “செடி எதைக் குடிச்சா நேக்கென்ன? நான் சாப்பிடறது செடியைத்தானே!”

தொட்டி வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். பாசியைச் சுரண்டுமுன் வாளி எங்கே போகிறதென்று பாருங்கள். நீங்களே அதிகாரியாகி ஒன்றை இங்கே ஊற்றாதே என்று சொன்னால், எங்கே ஊற்றுவது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் கல்யாண ரசத்துக்குக் கறிவேப்பிலை சார்தான் கொண்டுவந்தார்.