கந்தசட்டியும் மச்சாளின் பம்பும்

எனக்கும் மச்சாளுக்கும் தொய்வு, ஆஸ்துமா என்கிறார்களே அதுதான். அவள் என் கணவரின் தங்கை; அவளுக்கும் நான் மச்சாள்தான். கரம்பொனில் எங்கள் வேலிக்கு அடுத்த வீடு. மாதாமாதம் இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறி, பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணத்துக் கிளினிக்குக்குப் போய் வருகிறோம். நோய் ஒன்று, டொக்டர் ஒருவர், வாயில் வைத்து இழுக்கிற பம்ப்கூட ஒரே நிறம். மூச்சு மட்டும் அவளுக்குத்தான் நீளம்.

குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலின் பலத்தை அளப்பார்கள். நான் ஊதினால் பாதியிலேயே இருமல் முந்திக்கொள்ளும். அவளோ தாதி "காணும்" என்று சொல்லும்வரை ஊதுவாள். ஊதிவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. பொச்சரிப்பு என்று சொல்லுங்கள், எனக்கு வெட்கமில்லை. அவளுக்கு என்னைவிட ஒரு மூச்சு கூட வருவதை என்னால் பொறுக்க முடியவில்லை. நாவூறு போடாதையும் என்று கணவர் பகிடி பண்ணுவார். அவர் எப்போதும் தங்கையின் பக்கம்.

போன வருஷம் ஒருமுறை ஆராய்ச்சிக்கென்று இருவரிடமும் இரத்தம் எடுத்தார்கள். டொக்டர் பொறுமையாக விளக்கினார். தொய்வுக்காரரின் மூச்சுக்குழாய் உள்ளே வீங்கிக் கிடக்குமாம். அந்த வீக்கத்தில் ஒட்சிசனே திரிந்து உடம்பைச் சுடத் தொடங்குமாம்; அதற்கு ஒட்சியேற்ற அழுத்தம் என்று பெயர். அந்தச் சூட்டை அணைக்க இரத்தத்தில் சில நொதியங்கள் உண்டு. அவை குறைந்தவர்களுக்கு நுரையீரலும் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். எனக்குக் குறைவு, மச்சாளுக்குப் பரவாயில்லை என்று முடிவு வந்தது. ஒரு பரிசோதனையை வைத்து ஒன்றும் தீர்மானிக்க ஏலாது, பம்பை மட்டும் ஒருநாளும் விடாதேங்கோ என்று டொக்டர் சொன்னது என் காதில் ஏறவில்லை. இரத்தத்திலும் அவள்தான் முன்னுக்கு என்பது மட்டும் ஏறியது.

அன்றிலிருந்து வேலிக்கு மேலால் அவளுடைய குசினியைக் கவனித்தேன். அவள் முருங்கையிலை வறுத்தால் நானும் வறுத்தேன். அவள் நெல்லிக்காய் வாங்கினால் நானும் வாங்கினேன். அடுத்த முறை ஊதியபோதும் அதே பாதி மூச்சுத்தான்.

ஐப்பசியில் கந்தசட்டி வந்தது. இருவரும் விரதம், பகலில் பச்சைத் தண்ணீரும் இல்லை, இரவில் பாலும் பழமும். பம்பும் வாய்வழியாகப் போகிறதுதானே, அடித்தால் விரதம் முறிந்துவிடும் என்று அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். இரண்டாம் நாள் காலை, கிணற்றடியில் மச்சாள் தன் பம்பை வாயில் வைத்து அடிப்பதைக் கண்டேன். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நொதியத்தில் அவள் முந்தட்டும், முருகனிடம் இனி நான்தான் முன்னுக்கு. ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருப்பதே வெறும் வயிற்றுக்குத் தித்திப்பாக இருந்தது.

சூரன்போர் அன்று கோயில் வீதி முழுக்கச் சனம், புழுதி, கற்பூரப் புகை. சூரன் மாமரமாக வருவதற்குள் எனக்கு நெஞ்சு இறுகிவிட்டது. உள்ளே போன மூச்சு வெளியே வர மறுத்தது. மதிலோடு குந்தினேன். என்னைக் கண்டது மச்சாள்தான். சனத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, கைப்பையிலிருந்த தன் பம்பை என் வாயருகே நீட்டினாள். நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். விரதம் என்று சொல்லக்கூட மூச்சில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது.

"இழுங்கோ மச்சாள். நான் முதல் நாளே ஐயரிட்டைக் கேட்டனான். மருந்துக்கு விரதம் முறியாதாம்."

இழுத்தேன். கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு முறை இழுத்தேன். அந்தப் பக்கம் சூரன் விழ, சனம் அரோகரா சொன்னது. மச்சாள் என் முதுகைத் தடவியபடி அழுதுகொண்டிருந்தாள். அவள் தோளில் சாய்ந்திருந்து நான் விட்ட முதல் முழு மூச்சில் என் மனதில் வந்தது நன்றி இல்லை. ஐயரிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்கு ஏன் முதலில் தோன்றவில்லை, அதிலும் இவள் முந்திவிட்டாளே என்பதுதான்.