வெற்றிலை வாங்கிய குற்றம்

அடுத்த வீட்டுப் பிள்ளை நேத்மி ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் போகுமுன் கேற்றடியில் முழங்கால் போட்டு, தன் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிடுவாள். அம்மா அவள் தலையில் கைவைத்து ஏதோ முணுமுணுப்பார். பிள்ளை எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். கல்யாணமாகி மார்த்தாண்டத்திலிருந்து இலங்கையில் பேராதனைக்கு வந்த புதிதில் சமையலறை ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டு, அந்த வீட்டில் ஏதோ துக்கம் நடந்திருக்கிறது என்றே நினைத்தேன். அப்போது அவள் நர்சரிப் பிள்ளை. அந்த வயதில் காலில் விழுகிற அளவுக்கு என்ன தப்பு செய்திருப்பாள் என்றும் யோசித்தேன். சிங்கள வீடுகளில் இது பல் தேய்ப்பது போல அன்றாடக் காரியம் என்று என் கணவர் சொல்லித்தான் தெரிந்தது.

நம் மார்த்தாண்டத்துச் சபையில் நாம் எப்படி வளர்ந்தோம் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் ஜெபம், வாசலில் ஒரு "ஸ்தோத்திரம்மா", அவ்வளவுதான். கம்மல் கிடையாது, சினிமா கிடையாது, பண்டிகைப் பலகாரம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று விசாரிக்காமல் வாயில் வைக்க முடியாது. மனிதன் காலில் விழுவதோ விழவைப்பதோ பேச்சுக்கே இடமில்லாத காரியம். கடல் தாண்டிப் போனால் விசுவாசம் தளர்ந்துபோகும் என்று என்னை அனுப்பும்போது அப்பா கவலைப்பட்டார். அப்பா பட்ட கவலை வீண். என் கணவர் கலஹா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் குடியையும் கோயிலையும் ஒரே நாளில் விட்டுவிட்டு, இப்போது நாங்கள் போகும் சபைக்கு வந்தவர்கள். கண்டி டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடைக்கு மேல்மாடியில் கூடும் எங்கள் சபையின் கண்டிப்புக்குப் பக்கத்தில் மார்த்தாண்டத்துச் சபையை வைத்தால் அது பொருட்காட்சி மாதிரித் தெரியும்.

இதில் எனக்கு வருத்தமில்லை. சுத்தமாக வாழவேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் எது சுத்தம் என்பதில்தான் தலைவலி. ஒருவர் இன்னொருவரின் குடும்பத்தைப் பற்றி மாடிப்படியில் நின்று அரைமணி நேரம் பேசலாம், அது ஜெபக்குறிப்பு. வெசாக் பண்டிகையில் புத்தர் பேரில் தெருவோரம் இலவசமாக நீட்டுகிற ஐஸ்கிரீமை ஒரு பிள்ளை வாங்கி நக்கிவிட்டால், அது விசாரணை. எனக்கு எத்தனையோ தரம் எரிச்சல் வந்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், நேத்மியின் பரீட்சை வரும் வரை.

இரண்டு வருடமாக நேத்மிக்கு எங்கள் வீட்டு ஹாலில் வைத்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். ஓ லெவல் பரீட்சைக்கு (நம் ஊர் பத்தாம் வகுப்பு மாதிரி) முதல்நாள் பின்னேரம், எங்கள் பாஸ்டரம்மா வீடு சந்திக்க வந்து கதிரையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். வாசலில் நேத்மி. கையில் ஒரு கட்டு வெற்றிலை. இங்கே பிள்ளைகள் பரீட்சைக்குப் போகுமுன் ஆசிரியருக்கு வெற்றிலை கொடுத்துக் கும்பிடுவது வழக்கம் என்று கேள்விப்பட்டிருந்தேன். என்னிடம் வருவாள் என்று நினைத்திருக்கவில்லை. நான் எழுவதற்குள் அவள் வெற்றிலையை நீட்டினாள். வாங்கினேன். அவள் முழங்கால் போட்டுக் குனிந்தாள்.

பிள்ளைக்குப் பயம். கணக்கிலும் விஞ்ஞானத்திலும் இல்லாத பயம் அவளுக்கு இங்கிலீஷில் உண்டு, அது எனக்குத்தான் தெரியும். தள்ளிவிடவா? எழும்பு, இதெல்லாம் பாவம் என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொல்லவா? அவள் தலையில் கைவைத்து, இயேசுவின் நாமத்தில், தமிழில், சத்தமாக ஜெபித்தேன். அவளுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி போனாள். திரும்பிப் பார்த்தால் பாஸ்டரம்மா பாதி டீயை வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாளே பாஸ்டர் வந்தார். கோபக்காரர் இல்லை, நல்ல மனிதர். அதுதான் இன்னும் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்கு முன்னால் நான் எழுந்து, செய்தது தவறு என்று சொல்லவேண்டும்; சொல்லாவிட்டால் மேசையை விட்டு நிறுத்துவார்கள், அதாவது அப்பமும் திராட்சரசமும் எனக்குக் கிடையாது. பஸ்ஸில் புத்த பிக்கு ஏறினால் நீங்களும் எழும்பி இடம் கொடுக்கிறீர்களே என்று கேட்டேன். அது மரியாதை என்றார். இதுவும் அதுதான் என்றேன். அவர் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சிஸ்டர், உங்க மனசு எனக்குத் தெரியும். ஆனா நேத்து வரைக்கும் சாமி கும்பிட்டுட்டு இன்னைக்கு நம்ம சபைக்கு வந்திருக்கிறவங்க இருக்காங்க. டீச்சரே கும்பிட விட்டாங்கன்னு கேள்விப்பட்டா அவங்க என்னா நெனைப்பாங்க?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு நியாயமே இல்லாத ஆளிடம் சண்டை போடத்தான் வரும்.

இதற்கிடையில் நேத்மியின் அம்மாவுக்கு விஷயம் எப்படியோ எட்டிவிட்டது. மதில் ஓரமாகக் கூப்பிட்டு என்னவென்று கேட்டார். என் சிங்களத்தில் நான் விளக்கினேன்: உங்கள் மகள் என்னைக் கும்பிட்டதில் எங்கள் பாஸ்டருக்கு மனவருத்தம். அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. உள்ளே போய் மகளிடம் ஏதோ பேசிவிட்டுத் திரும்பி வந்தார். தங்களுக்கு யோசனை இல்லாமல் போய்விட்டதாம், பெரியவரை விட்டுவிட்டு டீச்சரை மட்டும் கும்பிட்டது பிழைதானாம், ஞாயிற்றுக்கிழமையே மகளோடு வெற்றிலை கொண்டுவந்து பாஸ்டரையும் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கிறார்களாம். ஐயோ கடவுளே! வேண்டாம், வேண்டாம் என்று சொல்லி அவரைத் தடுப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஊரிலிருந்து தம்பி போன் பண்ணினான். செய்தி அங்கேயும் போய்விட்டிருந்தது. "ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுட்டு உக்காருக்கா, இதுல என்ன கெட்டுப்போச்சு?" என்றான். ஊரில் இருந்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது என்றும் சொன்னான். உண்மைதான். மார்த்தாண்டத்தில் என் காலில் விழ எந்தப் பிள்ளைக்கும் தோன்றியிருக்காது. சோதனையே வராத இடத்தில் சுத்தமாக இருந்ததைத்தான் நான் இத்தனை காலம் பெருமையாக நினைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை என் கணவர் சாப்பிடாமல் தட்டைத் தள்ளி வைத்தார். அந்தச் சபைதான் அவர் குடும்பத்தைக் குடியிலிருந்து மீட்டது. அவர் பெண்டாட்டியை அங்கே நிறுத்திவைத்தால் அவரால் தலைநிமிர முடியாது. எனக்கு அது புரியாமல் இல்லை.

"சொல்லிட்டு உக்காந்துரு. மனசுக்குள்ள என்னா இருக்குன்னு யாருக்குத் தெரியப்போவுது?"

"தெரிய வேண்டியவருக்குத் தெரியுமே" என்றேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் என் பெயரைச் சொன்னார். எழுந்தேன். ஆண்கள் பக்கத்தில் என் கணவர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்பு என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது, மறைக்கமாட்டேன். ஒரு சொல் சொன்னால் வீட்டில் நிம்மதி, சபையில் இடம், ஊரில் அப்பா பேருக்குக் களங்கமில்லை.

"அந்தப் பிள்ளை பயந்து வந்தா. நான் அவளுக்காக ஜெபிச்சேன். யாருக்காவது அது இடறலா இருந்தா எனக்கு வருத்தந்தான். ஆனா பாவம்னு எனக்குத் தோணல. தோணாதத தோணுச்சுன்னு இந்த மேசைக்கு முன்னால வச்சு என்னால சொல்ல முடியாது."

உட்கார்ந்தேன். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அப்படியானால் சிஸ்டர் கொஞ்ச நாளைக்குப் பொறுத்திருங்கள் என்றார்.

பின்வரிசைக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை. நானும் போகவில்லை. எங்கள் சபையில் அப்பத்தட்டு வரிசையில் கைமாறிக் கைமாறித்தான் போகும். என் இடதுபக்கம் ஒரு வயதான அம்மா, வலதுபக்கம் பாஸ்டரம்மா. அந்த அம்மா ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் தட்டைக் கையிலேயே வைத்திருந்தார். நான் கையை நீட்டினேன். வாங்கினேன். எடுக்கவில்லை. பாஸ்டரம்மாவிடம் கொடுத்தேன். அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார், பிறகு துண்டை எடுத்துக்கொண்டு தட்டை அடுத்த கைக்கு அனுப்பினார். அப்பத்தில் எனக்குப் பங்கில்லை, ஆனால் என் கை படாமல் அந்த வரிசையின் மறுபாதிக்கு அது போகவும் முடியவில்லை.

பிறகு ரசக்கிண்ணம் வந்தது. அதையும் வாங்கிக் கொடுத்தேன்.