முன்னால் தள்ளி நின்ற காது

சலூன்காரருக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த மகள். தவழத் தொடங்கும் முன்பே அவள் கைக்குத் தப்பிய பொருள் வீட்டில் இல்லை. அப்பா மீசை, அம்மா கண்ணாடி, துண்டு நுனி என்று எது எட்டினாலும் ஒரே பிடி. பிடித்ததெல்லாம் வாய்க்குத்தான்.

"ஊரே என்கிட்ட தலையைக் கொடுக்குது, நான் இவகிட்ட கொடுத்துட்டேன்" என்று கடையில் சொல்லிச் சிரிப்பார்.

ஒருநாள் தன் காதையே கண்டுபிடித்தாள். இழுத்தாள், மடக்கினாள், விட்டுவிட்டு மறுபடி தேடினாள். தடுப்பூசிக்குப் போனபோது நர்ஸிடம் கேட்டார்.

"தனக்குக் காதுன்னு ஒண்ணு இருக்கிறதே இப்பதானே தெரியுது, அதான் பிடிக்குது. தூக்கம் வந்தாலும் பிடிக்கும். சிரிச்சு விளையாடினா பயப்படாதீங்க. காய்ச்சல் வந்தாலோ, படுக்க வச்சா அழுதாலோ உடனே தூக்கிட்டு வாங்க."

அவர் முதல் பாதியை மட்டும் மனசில் வைத்துக்கொண்டார்.

மழை தொடங்கியதும் சளி பிடித்தது. இப்போது கை இடது காதுக்கு மட்டுமே போனது. நகம் பட்டுக் காது மடலில் கீறல் விழுந்தது. படுக்க வைத்தால் வீறிட்டாள். தோளில் போட்டால் அடங்கினாள்.

தையல் கம்பெனியிலிருந்து வந்த மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஏங்க, உடம்பு கொதிக்குதே?"

"சளிக் காய்ச்சல்மா. காதைப் பிடிக்கிறது எல்லாக் குழந்தையும் பண்றதுதான். நர்ஸே சொன்னாங்க."

"அது சிரிச்சுக்கிட்டே பிடிச்சப்போ சொன்னதுங்க."

மருந்துக்கடையில் காய்ச்சலுக்குச் சொட்டு மருந்து வாங்கி வந்தார். காய்ச்சல் இறங்கியது, மறுபடி ஏறியது. ஞாயிறு கடையில் கூட்டம் இருக்கும், திங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார்.

ஞாயிறு சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. குழந்தை காதைப் பிடிக்கவில்லை. அம்மா மடியில் கையைத் தொங்கப் போட்டுக் கிடந்தாள்.

"வலி விட்டுடுச்சு போல" என்று விரலை நீட்டினார். உள்ளங்கையில் விரல் பட்டும் அந்தக் கை மூடவில்லை.

முகத்தை நேராகத் திருப்பிப் பார்த்தார். இரண்டு கிருதாவும் சமமா என்று தினமும் அளந்து பழகிய கண். இடது காது வலதைவிட முன்னால் தள்ளி நின்றது. பின்னால் சிவந்து வீங்கியிருந்தது. தொட்டதும் முனகினாள். அழக்கூடத் தெம்பில்லை. அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்.

"காதுல பிடிச்ச சீழ் பின்னாடி எலும்புக்குப் போயிடுச்சு" என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். "இப்பவே ஆபரேஷன் பண்ணணும். விட்டா மூளைக்கும் போகலாம்."

ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடிய பிறகு மனைவி அவரை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

குழந்தை பிழைத்தது. தலையில் கட்டோடு விழித்தவள், மருந்து ஏறிக்கொண்டிருந்த ட்யூபை எட்டிப் பிடித்தாள். நர்ஸ் பதறி ஓடி வந்தார். அப்பா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"காது கேட்குமா டாக்டர்?"

"புண் ஆறட்டும். சோதிச்சுப் பார்த்துதான் சொல்ல முடியும்."

இன்னும் சோதனைக்குக் கூப்பிடவில்லை. தினமும் இடது பக்கமாகப் போய் நின்று மெதுவாகக் கூப்பிடுகிறார். சில நேரம் திரும்புகிறாள். திரும்பாதபோது, "விளையாட்டு மும்முரம்" என்கிறார். மனைவி மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் மகளோடு பேச உட்காரும்போதெல்லாம் வலது பக்கம்தான் உட்காருகிறாள்.