1893-ஆம் வருடத்துக் கடிதம்

இங்கிலாந்தில், எங்கள் லங்காஷயர் ஊரில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர் நாரிஸ் டேட்டர்சால். பயணிகளின் ஆங்கிலத்தைத் திருத்திக்கொண்டே ஓட்டியவர் என்றால் இன்னும் சரி. இந்தக் காலத்துப் பிள்ளைகள் பாஷையைக் கெடுக்கிறார்கள் என்று பத்திரிகைக்கு வாரம் ஒரு கடிதம் போடுவார். பக்கத்து வீட்டுக்காரன் நான். முதலில் எனக்குத்தான் படித்துக் காட்டுவார்.

ஆற்றோரப் பாதையைப் பூட்டப்போவதாக நிலத்தின் புது முதலாளி சொன்னதும் மனிதருக்குத் தூக்கம் போயிற்று. அவர் மனைவி டோரீன், படுக்கையில் கிடக்கும் அக்காவைப் பார்க்க, வலிக்கிற முழங்காலோடு தினமும் போவது அந்த வழியில்தான். சாலையில் சுற்றினால் மூன்று மைல். ஊரார் காலங்காலமாக நடந்த பாதை என்பதற்கு எழுத்தில் சாட்சி கேட்டது கவுன்சில்.

நாரிஸ் கொண்டுவந்தார். பாதையிலிருந்த மரப்பாலத்தைச் செப்பனிடச் சொல்லி 1893-இல் அவர் தாத்தா பாதிரியாருக்கு எழுதிய கடிதம். பாதை பிழைத்தது. கடிதம் உள்ளூர்ப் பத்திரிகையிலும் வந்தது.

அதைப் படித்துவிட்டு, சொற்களின் வயதைத் தேடும் ஆங்கில அகராதி அலுவலகத்திலிருந்து மிஸ் பெல் நாரிஸ் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"உங்க தாத்தா பெரிய ஆளுங்க! 'என்னை காண்டாக்ட் பண்ணுங்க'ன்னு எழுதியிருக்காரே. 'காண்டாக்ட்'டை அப்படி வினைச்சொல்லா யாரும் எழுதி நாங்க பாத்ததே அதுக்கு முப்பது வருஷம் கழிச்சுத்தான். அகராதியில அவர் பேரைப் போடணும். கவுன்சில்ல இருக்கிற கடிதத்தோட தாளையும் மையையும் சோதிக்கச் சம்மதம்னு இந்தப் படிவத்துல ஒரு கையெழுத்து போடுங்க, போதும்."

நாரிஸ் கப்பை வைத்துவிட்டு, தன் அகராதியை எடுத்து அந்தச் சொல்லைத் தேடினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடினமான சொல்லுக்கெல்லாம் அகராதியில் வயது பார்த்துத் தாத்தா பேரில் எழுதியவர், அன்றாடம் வாயில் புழங்கும் சொல்லுக்குப் பார்க்கவில்லை. அது ஆதாம் ஏவாள் காலத்துச் சொல் என்றே நினைத்திருக்கிறார்.

முடியாது என்று சொல்லித் தொலையேனய்யா என்று கண்ணாலேயே கெஞ்சினேன். கவுன்சிலிடம் கூசாமல் புளுகியவருக்கு அகராதியிடம் புளுக வாய் வரவில்லை.

"நான்தான் எழுதினேன். போன மார்ச்சுல, இதே மேசையில. டீயில நனைச்சுக் காய வெச்சேன்."

மிஸ் பெல் படிவத்தை மெல்ல மடித்துப் பைக்குள் வைத்தார். அக்கா வீட்டிலிருந்து அப்போதுதான் திரும்பிய டோரீன், சேறு படிந்த பூட்ஸோடு வாசலில் நின்றிருந்தார்.

"அந்தப் பொய்யை எனக்காகச் சொன்னே, நாரிஸ். இந்த உண்மை யாருக்காக?"

டோரீன் பூட்ஸைக் கழற்றவில்லை. பாதையில் பூட்டு விழுவதற்குள் இன்னொரு தடவை அக்காவைப் பார்த்துவிட வந்த வழியே திரும்பி நடந்தார்.