சேவுகனின் கடைவாய்ப்பல்

அன்னவாசல் சேவுகனுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. கல்யாணப் பந்தியில்கூட ரசம் வருவதற்குள் எழுந்துவிடுவான். அந்தப் பரபரப்புதான் சடுகுடுக் களத்தில் அவனுக்குப் பெயர் வாங்கித் தந்தது. கோட்டைத் தாண்டிப் பாடிப் போனால், மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பும்வரை மூச்சு அறாது. பரம எதிரிகளான விராலிமலைக்காரர்களே ஒத்துக்கொண்ட மூச்சு அது.

1956 ஐப்பசியில் அந்த மூச்சு அறுந்தது. ஒரே மாதத்தில் மூன்று ஆட்டம். மூன்றிலும் பாட்டு பாதியில் நின்று பிடிபட்டான். ஆவணியில்தான் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஊருக்கு இது போதாதா? புதுப்பெண்டாட்டி உண்ணாமலை அவன் மூச்சைக் குடித்துவிட்டாள் என்று கிணற்றடியில் பேச்சு கிளம்பியது. அணித் தலைவன் உடையப்பனோ, "தைப்பூசத்துக்கு விராலிமலை ஆட்டத்துல ஒன்னைய எறக்குறது சந்தேகந்தான் மாப்ளே" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான்.

உண்மைக் காரணம் சேவுகனுக்குத் தெரியும். மேல்வரிசைக் கடைவாய்ப்பல் ஒன்று சொத்தை விழுந்து சீழ் கட்டியிருந்தது. படுத்தால் விண்விண்ணென்று தெறிக்கும். எழுந்து வாசலுக்கும் கொல்லைக்குமாக நடப்பான். மெல்ல முடியாமல் கஞ்சியாகக் குடித்தான். கிராம்பு, எருக்கம்பால், புகையிலை எல்லாம் வைத்துப் பார்த்தான். பிடுங்க மட்டும் போகவில்லை. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பது ஊரில் யாருமே சந்தேகப்படாத சங்கதி. அடுத்த தெருக் கருப்பன் ஒற்றைக்கண்ணோடு திரிவதே அதற்குச் சாட்சி. கண் போனால் களமும் போச்சு. பல்வலி என்று சொன்னால் பிடுங்கச் சொல்வார்களே என்று பயந்து, பெண்டாட்டிமேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான், அந்தச் சூரன்.

மார்கழியில் ஒரு காலை, தலையணையில் சீழும் ரத்தமும் கண்ட உண்ணாமலை அவன் வாயைத் திறக்க வைத்தாள். எல்லாவற்றையும் உளறிக்கொட்டினான். அவள் நேரே கருப்பன் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, ஒங்க கண்ணு எப்படிப் போச்சு? பல்லப் புடுங்குனதாலயா?"

"வேலமுள்ளு குத்துச்சு தங்கச்சி. பல்லா? அதுக்குப் பெறகுல்ல பல்லப் புடுங்குனேன்."

அதே ஊரில் பிறந்து வளர்ந்த சேவுகன் ஒருநாளாவது கேட்டிருக்கலாம்.

அன்றே பஸ் ஏறிப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். "ஒடம்புல இவ்வளவு சீழு, காய்ச்சல். தூக்கமில்ல, சாப்பாடில்ல. அப்புறம் எப்படிய்யா மூச்சு தாங்கும்?" என்று திட்டிக்கொண்டே டாக்டர் பிடுங்கிப் போட்டார். திரும்பும்போது திருக்கோகர்ணம் தாண்டியும் சேவுகனுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு கண்ணை மூடுவான், மறுகண்ணை மூடுவான். கண்ணடிக்கிறான் என்று நினைத்து எதிரே இருந்த அம்மாள் சண்டைக்கு வந்துவிட்டாள்.

பத்தே நாளில் சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. தைப்பூசத்தன்று விராலிமலையில் உடையப்பன் அரைமனதோடுதான் அவனை இறக்கினான். சேவுகன் பாடிப் போனான். ஒருவன், இரண்டாமவன், மூன்றாமவன். பாட்டு அறாமல் கோட்டைத் தொட்டான். களம் அதிர்ந்தது.

உடையப்பன் அவனைக் கட்டிக்கொண்டு, "என்ன மாப்ளே, பொண்டாட்டிய அவ ஆத்தா வீட்டுக்கு அனுப்பிட்டியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். காவடிக் கூட்டத்தோடு வந்த உண்ணாமலை வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். அவள் காதிலும் அது விழுந்தது.

சேவுகனுக்கு உடம்பு கூசியது. விரலை விட்டு வாயை இழுத்துக் காட்டினான்.

"சிரிக்காதீங்க. இங்கன இருந்த பல்லுதான் என் மூச்சக் குடிச்சுச்சு. எனக்கு அப்பவே தெரியும். பயந்துக்கிட்டுச் சொல்லல. அவ மேல ஒரு குத்தமும் இல்ல."

சிரிப்பு நின்றது. பெரிய காரியம் செய்துவிட்டவனாக மரத்தடிக்குப் போனான். "சொல்லிட்டேன், கேட்டியா?"

உண்ணாமலை அவனைப் பார்க்கவில்லை. "பல்ல ஒரு நிமிசத்துல புடுங்கிப்புட்டாங்க. மூணு மாசமா கெணத்தடியில நான் கேட்ட பேச்ச எந்த ஆஸ்பத்திரியில புடுங்குவாங்க?"

சேவுகன் அவள் காலடியில் உட்கார்ந்தான். அடுத்த பாட்டுக்கு உடையப்பன் இரண்டு முறை கூப்பிட்டான். அவன் எழுந்திருக்கவில்லை.